உப்பு போட்ட ஐஸ்

பனித்திட்டு
14-2-1982

அக்காவுக்கு உலகநாதன் எழுதுவது.

கவரின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததுமே யாருக்கு என்ன ஆயிற்றோ என்று நினைத்திருப்பாய். பயப்படாதே, எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். ஒன்றரை வருஷமாக ஒரு கார்டுகூடப் போடாதவன் இப்போது ஏன் எழுதுகிறான் என்றால், செங்கமலத்தின் நச்சரிப்பு தாங்கவில்லை. கல்யாணத்துக்கே வராத நாத்தனார்மேல் உனக்கென்னடி பாசம் என்று கேட்டேன். "எனக்கு அவங்க இன்னும் மூஞ்சியே காட்டல. சண்ட போடறதுக்காவது ஒருதரம் பாக்க வேணாமா?" என்கிறாள். அவள் வாய்க்கு நான் ஈடு கிடையாது.

கல்யாணத்தை நான் மறக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். லேபில் எலிகளின் காயத்தைத் தினமும் அளக்க வேண்டும், ஒரு நாள் விட்டால் மூன்று மாத வேலை வீண், அதனால் வர முடியாது என்று எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தைப் பந்தலில் சத்தமாகப் படித்தவன் நம்ம தேவநாதன். என்னோடு கட்டுமரம் ஏறுகிறவன், அவன் வாயை யார் மூடுவது? "மாப்ள, எலி உனக்கு இன்னா மொறைடா?" என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தான். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுப் பந்தலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அப்பா அம்மா இல்லாத கல்யாணத்தில் அக்கா நிற்க வேண்டிய இடத்தில் யாரோ ஒரு தூரத்துச் சித்தி நின்றாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன டிசம்பரில் கட்டுமரத்தைக் கரையேற்றும்போது, முழங்கால் தண்ணீரில் ஒரு திருக்கையை மிதித்துவிட்டேன். வாலைச் சுழற்றி முள்ளை இறக்கிவிட்டது. வலது பாதம், கணுக்காலுக்குக் கொஞ்சம் கீழே. நம் ஆட்களுக்கு இது புதிதில்லை. சுடுதண்ணீரில் காலை வைத்து இரண்டு நாள் கத்திவிட்டு, நாலாம் நாள் கடலுக்குப் போய்விடுவார்கள். எனக்கு இரண்டு மாதம் ஆகியும் புண் ஆறவில்லை. எட்டணா அகலத்துக்கு ஓரம் கறுத்து, நடுவில் ஈரமாகவே இருக்கிறது. மஞ்சள், வேப்பெண்ணெய், ஆளாளுக்குச் சொன்ன பச்சிலை எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. காலை ஊன்றினால் உயிர் போகிறது. மரத்தின் மேல் ஊன்றி நிற்க முடியாதவன் கடலில் என்ன செய்வான்?

முன்பு வந்தபோது நீ சொன்னாய், காயத்தை ஆற்றுகிற ஒரு மருந்தைத்தான் உங்கள் லேபில் தயார் செய்கிறீர்கள் என்று. அதில் கொஞ்சம் கிடைக்குமா? கேட்க வெட்கமாகத்தான் இருக்கிறது. கடலைப் பார்த்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருப்பது அதைவிட வெட்கமாக இருக்கிறது.

செங்கமலத்துக்கு மூன்று மாதம். சொல்ல மறந்துவிட்டேன்.

உன் தம்பி,
உலகநாதன்


சென்னை
19-2-1982

உலகா,

உன் கடிதத்தை ஹாஸ்டல் வாசலில் நின்றுகொண்டே படித்தேன். மூன்று மாதம் என்ற வரியைப் படித்ததும் அழுகை வந்துவிட்டது. வாட்ச்மேன் யாருக்கும்மா என்ன ஆச்சு என்று கேட்டார். அத்தை ஆகப்போகிறேன் என்றேன். அதற்கு எதற்கு அழுகை என்று அவருக்குப் புரியவில்லை.

உன் கல்யாணத்துக்கு வராதது தப்புதான். அந்த ஒரு நாள் அளவை வேறு யாரையாவது எடுக்கச் சொல்லியிருக்கலாம். லேபை நடத்துகிற டாக்டரம்மாவிடம் கேட்கவே எனக்குப் பயம். இந்த லேபில் நம் ஊர்ப் பக்கத்திலிருந்து வந்தவள் நான் ஒருத்தி. ஒரு நாள் லீவு கேட்டால் "இதற்குத்தான் இவர்களை எடுக்கக் கூடாது" என்று யாராவது சொல்வார்களோ என்று ஒரு பயம். அப்பா போனதும் நீ எட்டாம் வகுப்போடு மரம் ஏறினாய், உன் உழைப்பில் நான் பி.எஸ்ஸி. முடித்தேன். அப்படி வாங்கிய படிப்பை வைத்துக்கொண்டு உன் கல்யாணத்துக்கே வராமல் இருந்தேன். மன்னிப்பு கேட்கக்கூட எனக்கு வாய் இல்லை.

மருந்து விஷயம். அதை நான் மருந்து என்று சொல்லியிருந்தால் அது என் தப்பு. அது இன்னும் மருந்து ஆகவில்லை. அதற்குப் பெப்டைடு என்று பெயர். புரதத்தை நீளமான வலைக்கயிறு என்று வைத்துக்கொண்டால், இது அதில் நறுக்கிய ஒரு சின்னத் துண்டு. காயம் பட்ட இடத்தில் புதுச் சதையை வரவழைக்கும் என்று நினைக்கிறோம். நினைக்கிறோம், அவ்வளவுதான். எலிகளை அளக்கிற வேலையிலிருந்து மாறி, இப்போது நான் செய்வது அதைத் தயார் செய்து வைக்கிற வேலை. மூச்சு பட்டாலே முள் ஆடுகிற தராசில் மூச்சை அடக்கிக்கொண்டு நிறுப்பேன். கிருமி இல்லாத தண்ணீரைச் சீசாவின் சுவரோடு வழிய விட்டுக் கரைப்பேன். குலுக்கக் கூடாது, நுரை வந்தால் கெட்டுவிடும். வடிகட்டிச் சின்னச் சின்னச் சீசாக்களில் ஊற்றி உறைய வைப்போம். ஒரு மெஷின் அதிலிருந்து தண்ணீரை மட்டும் இழுத்துவிடும், அடியில் வெள்ளைப் பொடி நிற்கும். பொடியைப் பல மாதம் குளிரில் வைக்கலாம். ஒருமுறை கரைத்துவிட்டால் ஒரு வாரம்தான் ஆயுசு. அதுவும் குளிரில், ஆனால் மறுபடி உறையாமல்.

எலிக்கு எவ்வளவு என்று தெரியும். மனிதனுக்கு எவ்வளவு, அவன் உடம்பில் இது என்ன செய்யும் என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. நன்றாக இருந்த இரண்டு எலிகள் போன மாதம் செத்துப்போயின, ஏன் என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம். இதை உன் காலில் போட நான் கொடுக்க மாட்டேன்.

பச்சிலையை நிறுத்து. கிருமாம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொள். அவர்கள் என்ன சொல்கிறார்களோ அதைச் செய். எனக்காகப் போ.

அக்கா,
தனக்கொடி


பனித்திட்டு
3-3-1982

அக்கா,

நீ சொன்னபடி ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு. அங்கே ருக்குமணி என்று ஒரு நர்ஸ். புண்ணைத் துணி வைத்துத் துடைத்து, உள்ளே பஞ்சுத்துணியைத் திணித்து அடைக்கிறாள். அடைக்கும்போது மேலே கூரை தெரியாமல் கண் இருட்டுகிறது. "மேல மூடக் கூடாதுய்யா, அடியிலேர்ந்து ஆறி வரணும். உள்ள முள்ளு ஒடஞ்சி நிக்குதோ இன்னாவோ. டவுனுக்குப் போய் எக்ஸ்ரே படம் எடு" என்கிறாள். முள்ளைப் பிடுங்கியது நான்தான், முழுசாகத்தான் வந்தது என்றேன். "நீ இன்னா டாக்டரா?" என்று ஒரு அதட்டு. நல்ல பொம்பிளைதான்.

ஐந்து கட்டு ஆயிற்று. ஒரு மாற்றமும் எனக்குத் தெரியவில்லை. தேவநாதன் போன வாரத்திலிருந்து வேறொருத்தனைக் கூட்டிக்கொண்டு மரம் ஏறுகிறான். அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன், அவனுக்கும் அடுப்பு எரிய வேண்டும். ஆனால் என் மரத்தில், நான் நிற்கிற இடத்தில் இன்னொருத்தன் நின்று துடுப்புப் போடுவதைப் பார்த்தபோது மனசு விட்டுப்போயிற்று. செங்கமலம் வாந்தி எடுத்துக்கொண்டே கூடையைத் தூக்கிக்கொண்டு பாகூருக்கு மீன் விற்கப் போகிறாள். நான் வீட்டில் உட்கார்ந்து அரிசி களைகிறேன்.

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். நிறுக்கிறது, கரைக்கிறது, உறைய வைக்கிறது என்று எவ்வளவு பக்குவம். அத்தனை பக்குவமும் எலிக்கு. எனக்குக் கிருமாம்பாக்கத்துப் பஞ்சுத்துணி. செத்துப்போன இரண்டு எலியைப் பற்றி எழுதினாய், ஆறிப்போன எலி எத்தனை என்று எழுதவில்லையே?

கிருமாம்பாக்கத்தில் கடை வைத்திருக்கிற பக்கீர் முகமது பாயை உனக்குத் தெரியும். வருகிற பத்தாம் தேதி சரக்கு எடுக்க மெட்ராஸ் வருகிறார். உன் ஹாஸ்டலுக்கு வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன். கொடுத்து அனுப்பினால் அனுப்பு. வெறுங்கையோடு வந்தார் என்றால் எனக்கு அக்கா இல்லை என்று வைத்துக்கொள்கிறேன். ஒருதரம் உன் எலிகளுக்காக விட்டுக்கொடுத்துவிட்டேன். இன்னொரு தரம் முடியாது.

இப்போதைக்கு இன்னும் உன் தம்பி,
உலகநாதன்


சென்னை
10-3-1982
பக்கீர் முகமது பாய் மூலமாக

உலகா,

பாயிடம் ஒரு பிளாஸ்க் கொடுத்திருக்கிறேன். உள்ளே ஐஸ், ஐஸுக்கு நடுவில் துணியில் சுற்றிய ஆறு சீசா. தனியாக ஆறு குப்பியில் தண்ணீர்.

ஒரு சீசா ஐந்து நாளைக்கு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மூடியைத் திற. குப்பித் தண்ணீரைச் சீசாவின் சுவரோடு மெதுவாக ஊற்று. குலுக்காதே. உள்ளங்கையில் வைத்து உருட்டு, பொடி கரைந்துவிடும். தெளிவாக இருக்க வேண்டும், கலங்கலாக இருந்தால் கொட்டிவிடு. காலையில் பத்துச் சொட்டுப் புண்ணின் மேல் விட்டுச் சுத்தமான துணியால் மூடு. விட்ட பிறகு மறுநாள் வரைக்கும் வேறு மருந்தோ தண்ணீரோ அதன் மேல் படக் கூடாது. மிச்சத்தை ஐஸில் வை, ஆனால் உறைந்து கட்டியாகக் கூடாது. கரைக்காத சீசாக்களையும் குளிரில்தான் வைக்க வேண்டும்.

இதை யாரிடமும் காட்டாதே. லேபுக்குத் தெரிந்தால் என் வேலை போய்விடும்.

உலகா, இதை நம்பி ஆஸ்பத்திரியை விட்டுவிடாதே. நர்ஸ் சொன்ன படத்தை எடு. இதை ஒரு பக்கம் வைத்துக்கொள், அதையும் பார். இந்தக் கடிதத்தை இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். பாய் வாசலில் நிற்கிறார்.

உன் அக்கா


பனித்திட்டு
22-3-1982

அன்பான அக்காவுக்கு,

உன் வாயில் சர்க்கரை போட வேண்டும். பன்னிரண்டு நாள் ஆகிறது, புண்ணின் மேல் தோல் கட்டிவிட்டது! எட்டணா அகலம் இருந்தது இப்போது ஒரு மிளகு அளவுக்கு வந்துவிட்டது. ஈரம் இல்லை. தினமும் காலையில் செங்கமலம் எனக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு சொட்டுகளை எண்ணுகிறாள். "பத்துதான், பதினொண்ணு வுடாத. அக்கா பத்துன்னு எழுதியிருக்காங்க" என்று அதட்டுகிறாள். உன்னைப் பார்க்காமலே உனக்குக் கட்சி கட்டுகிறாள். பிள்ளை பெண்ணாகப் பிறந்தால் உன் பெயர்தான் என்றும் முடிவு செய்துவிட்டாள்.

ருக்குமணி நர்ஸிடம் கட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். போனால் கழுவித் துடைத்துவிடுவாள். மருந்து விட்ட பிறகு தண்ணீரோ வேறு மருந்தோ படக் கூடாது என்று நீ எழுதியிருக்கிறாய். காலையில் நம் மருந்து, பத்து மணிக்கு அவள் கட்டு என்றால் எப்படி ஒத்துவரும்? யோசித்துத்தான் செய்தேன். நீயும் ஆஸ்பத்திரியை விடாதே என்றாய்தான், ஆனால் இரண்டில் எது உசத்தி என்று எனக்குத் தெரியாதா? வழியில் என்னைப் பார்த்து அவள் சத்தம் போட்டாள். தோல் மூடிவிட்டது என்றேன். மூடினால்தான் பயம் என்கிறாள். அவள் மருந்துக்கு ஆறாதது வேறு மருந்துக்கு ஆறினால் பொறாமை இருக்காதா?

ராத்திரியில் கொஞ்சம் காய்ச்சல் மாதிரி வருகிறது. பாதம் கனக்கிறது. சதை வளரும்போது அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது. சித்திரையில் மரம் ஏறிவிடுவேன். முதல் வஞ்சிரம் உனக்குத்தான், பாயின் பிளாஸ்கிலேயே அனுப்புகிறேன்.

அந்தக் கடிதத்தில் அக்கா இல்லை என்று எழுதினேனே, அதைக் கிழித்துப் போட்டுவிடு.

உன் தம்பி,
உலகநாதன்


சென்னை
25-3-1982

உலகா,

கடிதம் கண்டவுடன் ஆஸ்பத்திரிக்குப் போ. நாளைக்கு என்று வைக்காதே. சீசாவை நிறுத்திவிடு, மிச்சம் இருப்பதைக் கொட்டிவிடு. மேலே தோல் மூடுவது நல்லதில்லை, நர்ஸ் சொல்வதுதான் சரி. காய்ச்சல் வந்தால் உள்ளே சீழ் இருக்கிறது என்று அர்த்தம். டவுனுக்குப் போய்ப் படம் எடு.

ஏன் என்று கேட்காதே. நான் சொல்கிறேன், செய். மருந்தை நம்பாதே, என்னை நம்பு. வருகிற ஞாயிற்றுக்கிழமை நானே வரப் பார்க்கிறேன்.

அக்கா


டவுன் ஆஸ்பத்திரி
16-4-1982

அக்கா,

தந்தி கொடுக்க வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். தந்தியைப் பார்த்து நீ தனியாகப் பஸ்ஸில் அழுதுகொண்டு வருவாய், அது வேண்டாம் என்று நினைத்தேன். நானே எழுதிச் சொல்லிவிடுகிறேன். காலை எடுத்துவிட்டார்கள். வலது கால், முழங்காலுக்குக் கீழே நாலு விரல் விட்டு. போன வெள்ளிக்கிழமை எடுத்தார்கள், இன்றோடு ஒரு வாரம்.

நீ அவசரமாகப் போட்ட கடிதம் வந்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. லேபில் மாட்டிக்கொண்டாய் போலிருக்கிறது, அதனால்தான் கொட்டிவிடு என்கிறாய் என்று நினைத்தேன். மருந்தைக் கொட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ வருவாய், வந்து காலைப் பார்த்தால் உனக்கே தெரியும் என்று காத்திருந்தேன். நீ வரவில்லை, வேலை இருந்திருக்கும். அதற்கடுத்த புதன்கிழமை உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. பாதம் பூசணி மாதிரி வீங்கிவிட்டது. தேவநாதனும் பாயும் வாடகைக் காரில் போட்டு இங்கே கொண்டுவந்தார்கள். மேலே தோல் பளபளவென்று இருந்தது, கீறியதும் ஒரு டம்ளர் சீழ். எலும்பில் திருக்கை முள்ளின் நுனி நின்றிருக்கிறது. "ஒரு மாசம் முன்னாடி வந்திருந்தா முள்ள எடுத்துட்டுக் கால வுட்டிருப்போம்" என்று டாக்டர் சொன்னார். சின்ன வயசு டாக்டர், சொல்லிவிட்டு அவரே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இப்போது உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். இதற்காகத்தான் படுக்கையில் இருந்துகொண்டு எழுதுகிறேன். மருந்தைக் கெடுத்தவன் நான்தான் அக்கா. ஐஸில் வை என்று நீ எழுதினாய். மீன் பெட்டியில் ஐஸை உடைத்துப் போட்டு, சீசாவைத் துணியில் சுற்றி நடுவில் வைத்தேன். குளிர் குறைந்தால் உன் மருந்து வீணாகிவிடுமே என்று, நல்ல மீனுக்குப் போடுகிற மாதிரி கல்லுப்பை அள்ளித் தூவினேன். உப்பு போட்டால் குளிர் இறுகும், நமக்குத் தெரிந்த பக்குவம் அதுதானே. மறுநாள் பார்த்தால் சீசாவுக்குள் கட்டியாக உறைந்து கிடந்தது. கட்டியாகக் கூடாது என்று நீ எழுதியிருந்தது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. உள்ளங்கையில் வைத்து உருக்கிப் போட்டுக்கொண்டேன். உப்பைக் குறைத்துப் பார்த்தேன், குளிர் போதாது போலத் தோன்றியது. மறுபடி உப்பு. தினமும் உறைந்தது, தினமும் உருக்கினேன். உன்னிடம் சொன்னால் திட்டுவாய் என்று மறைத்துவிட்டேன்.

அவ்வளவு பக்குவமாகச் செய்த மருந்தை வஞ்சிரத்துக்கு ஐஸ் போடுகிற மாதிரி போட்டு நாசம் செய்துவிட்டேன். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் இதைத்தான் சொல்கிறேன். உன்னை ஒரு வார்த்தை யாரும் சொல்லிவிடக் கூடாது. செங்கமலம் தலையில் அடித்துக்கொண்டாள். "உப்பு போட்டத நான் பாத்தேன், நானாவது தடுத்திருக்கணும்" என்று அவளும் அழுகிறாள். நீ மனசை விட்டுவிடாதே. உங்கள் டாக்டரம்மா கேட்டால் மருந்து நல்ல மருந்துதான், போட்டவன்தான் முட்டாள் என்று சொல்.

இல்லாத கால் விரல் அரிக்கிறது அக்கா. அதை எப்படிச் சொறிவது?

உன் தம்பி,
உலகநாதன்


சென்னை
20-4-1982

உலகா,

உன் கடிதம் வந்த அன்றே நான் பஸ் ஏறியிருக்க வேண்டும். இதை எழுதி அனுப்பாமல் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நிற்க என்னால் முடியவில்லை. படித்துவிட்டு நீ வா என்றால் வருகிறேன்.

நீ உப்பு போட்டதால் எதுவும் கெடவில்லை. கெடுவதற்கு அந்தச் சீசாவில் எதுவும் இல்லை.

பாதி எலிகளுக்குத்தான் பெப்டைடு போடுவோம். மீதிப் பாதிக்கு மருந்தில்லாத வெற்றுச் சீசா. இரண்டிலும் ஒரே மாதிரி வெள்ளைப் பொடி இருக்கும், ஆனால் வெற்றுச் சீசாவில் இருப்பது ஒருவகைச் சர்க்கரை. காயத்தை அளக்கிறவர்களுக்கு எது எது என்று தெரியக் கூடாது என்று மேலே நம்பர் மட்டும்தான் ஒட்டியிருக்கும். எந்த நம்பரில் என்ன இருக்கிறது என்று தெரிந்தவள் நான் ஒருத்தி. உனக்கு அனுப்பிய ஆறும் வெற்றுச் சீசாக்கள். குப்பியில் இருந்தது உப்புத் தண்ணீர்.

மருந்தை எடுக்கத்தான் போனேன். பிரீசரைத் திறந்து தட்டில் கை வைத்துக்கொண்டு நின்றேன். செத்துப்போன இரண்டு எலிகளும் கண் முன்னால் வந்தன. உன் காலில் இதை நான் போட மாட்டேன் என்று கையை எடுத்தேன். இல்லை என்று உனக்கு எழுதலாம் என்று பேனாவை எடுத்தால், அக்கா இல்லை என்று வைத்துக்கொள்கிறேன் என்ற வரி நின்றது. மறுபடி போய் அடுத்த தட்டில் கை வைத்தேன். அன்றைக்கு எனக்கு நான் கெட்டிக்காரியாகத் தெரிந்தேன். லேபின் மருந்தையும் திருடவில்லை, தம்பியையும் இழக்கவில்லை, வெறும் சர்க்கரை யாரை என்ன செய்துவிடும் என்று நினைத்தேன்.

விதிமுறை எழுதாவிட்டால் நீ நம்ப மாட்டாய் என்று, தினமும் லேபில் எழுதுவதை அப்படியே எழுதினேன். மறுநாள் வரைக்கும் வேறு எதுவும் படக் கூடாது என்ற வரியும் கைப்பழக்கத்தில் வந்தது. அந்த ஒரு வரி நர்ஸின் கையை உன் காலிலிருந்து விலக்கிவிட்டது. அதை எழுதிய கை என்னுடையது.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருக்கிறது. கட்டை நிறுத்திவிட்டேன் என்று நீ மார்ச்சில் எழுதினாய். அது வெறும் சர்க்கரை என்று அன்றைக்கு ஒரு வரி எழுதியிருந்தால் அன்றே நீ ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பாய். எழுதினேன். கிழித்துவிட்டு, ஏன் என்று கேட்காதே என்று எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தேன். உன் முகத்தைப் பார்த்தால் சொல்லிவிடுவேன், சொன்னால் நீ என்னை விட்டுவிடுவாய் என்று பயந்து திரும்பிவிட்டேன். அன்றைக்கு வந்திருந்தால் உன் கால் இருந்திருக்கலாம்.

உன் தலையில் நீ போட்டுக்கொண்டிருக்கிற பழியை இறக்கி வை. அது என்னுடையது. செங்கமலத்திடமும் சொல், அவள் அழ வேண்டாம். தேவநாதனிடம் சொல், பாயிடம் சொல், ஊர் முழுக்கச் சொல்.

தனக்கொடி


பனித்திட்டு
23-5-1982

அக்கா,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. நாலு தரம் பதில் எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

முதலில் நான் நம்பவில்லை. என் மனசு ஆற வேண்டும் என்பதற்காகப் பழியை நீ இழுத்துப் போட்டுக்கொள்கிறாய் என்று நினைத்தேன். மார்ச் மாதக் கடிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் படித்துப் பார்த்தேன். மருந்தை நம்பாதே என்னை நம்பு என்று எழுதியிருந்தாய். அப்புறம்தான் நம்பினேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. கக்கத்தில் கட்டை வைத்துக் கடற்கரை மணல் வரைக்கும் போகிறேன். அதற்கு மேல் கட்டை மணலில் புதைகிறது. ஆட்கள் வலையைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள், கிழிசலைப் பொத்திக் கொடுக்கிறேன். உதவிப் பணத்துக்குக் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸில் மனு கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்திருக்கிறேன். கட்டுமரத்தைத் தேவநாதனிடமே விட்டுவிட்டேன். அவன் வாங்க மாட்டேன் என்று அழுதான். "கரையில கெடந்து காஞ்சி வெடிக்கறதுக்கு, நீ ஓட்டுடா" என்றேன். ருக்குமணி நர்ஸ் இரண்டு தரம் வீட்டுக்கே வந்து கட்டு மாற்றிவிட்டுப் போனாள். ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

உன் கடிதம் வந்த அன்று, "அக்கா இன்னா எழுதியிருக்காங்க?" என்று செங்கமலம் கேட்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. "ஒடம்பப் பாத்துக்கச் சொல்லியிருக்கு" என்றேன். யாரிடமும் நான் சொல்லவில்லை, சொல்லப்போவதும் இல்லை. உப்பு போட்டுக் கெடுத்தவன் நான் என்றே ஊரில் இருக்கட்டும். உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. தினமும் பத்துச் சொட்டு எண்ணி விட்டவள் அவள். எண்ணியது சர்க்கரைத் தண்ணீர் என்று வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவளிடம் நான் எப்படிச் சொல்லுவேன்?

என் கோபம் என்ன, யாரும் பார்க்காத கோபமா? ஒன்றரை வருஷம் பேசாமல் இருந்தவன்தானே. நீ இல்லை என்று சொல்லியிருந்தால் இன்னொரு ஒன்றரை வருஷம் இருந்திருப்பேன். பிள்ளை பிறந்ததும் செங்கமலம் நச்சரித்து எழுத வைத்திருப்பாள். அதற்குப் போய்ப் பயந்தாயே அக்கா.

இப்போது வராதே. எதுவும் அனுப்பாதே. ஆவணியில் பிள்ளை பிறந்ததும் அவள் உன்னை வரச் சொல்லி எழுதச் சொல்லுவாள். நான் எழுதுவேன். நீ வருவாய். அவள் உன் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, பிள்ளையை உன் கையில் கொடுத்து, பெண் என்றால் உன் பெயரைச் சொல்லியே அதைக் கூப்பிடுவாள். அப்போது அவளுக்கு முன்னால் எப்படி நிற்பது என்று இப்போதே யோசித்து வைத்துக்கொள். பக்கத்தில் நிற்கப்போகிறவன் நான், நானும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

உலகநாதன்